கருங்கண்ணிக் கொட்டைக்குள் ஒரு எட்டு

அடுப்படியில் இருக்கிற தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஏதாவது ஒன்றிலிருந்து வந்ததாகத்தான் அது இருக்கும். குச்சியின் தலையில் இருக்கும் மருந்தில் கந்தகம் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசுகிற பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் உண்டு. ஒன்றோடு ஒன்று உரசினால் தீ. அவ்வளவுதானே என்று வைத்துவிடாதீர்கள்! ஒவ்வோர் உயிரும் தன் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் சேதி எந்தப் பொருளில் எழுதியிருக்கிறது? கந்தகம் உள்ள பொருளிலா, பாஸ்பரஸ் உள்ள பொருளிலா? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உயிரியல் இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஜெயித்தது குச்சியல்ல, பெட்டி!

அந்தப் பாஸ்பரஸ் பொருள்தான் டி.என்.ஏ. பாடப்புத்தகத்தில் வண்ண வண்ணமாக முறுக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியாயிற்று. இப்போது பின்கட்டு வழியாக உள்ளே நுழைந்து பார்ப்போம். நுழைவாசலாக நான் தேர்ந்தெடுத்த இடம் கடம்பூர்.

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ரயில் கோவில்பட்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். அடுத்து வரும் ஊர்களில் கடம்பூரைப் பலருக்கும் போளியால்தான் தெரியும். பருப்புப் போளி ஒன்றைப் பிட்டு வாயில் போடுங்கள். மேலே மைதா, உள்ளே கடலைப்பருப்பு. டி.என்.ஏ.வின் சேதி ஜோடி ஜோடியாக நிற்கும் எழுத்துகளால் ஆனது, அவை எவை என்று பிறகு பார்ப்போம். கோதுமையின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் சுமார் 1,600 கோடி எழுத்து ஜோடிகள். மனிதனுக்கு? ஏறக்குறைய 300 கோடிதான். மெல்லிய அந்த மைதா மேல்தோல் மரபெழுத்தில் நம்மை ஐந்து மடங்கு மிஞ்சி நிற்கிறது! உள்ளே இருக்கும் கொண்டைக்கடலைக்கு அடக்கமாக 74 கோடி. அந்தக் கடலையின் எழுத்தை 2013 இல் படித்து வெளியிட்ட குழுவின் தலைமையிடம் ஹைதராபாத் பக்கத்திலுள்ள இக்ரிசாட் ஆய்வு நிறுவனம். தோசைக்கல் சூட்டில் அந்த நீண்ட இழைகள் துண்டு துண்டாகிவிடும், வயிறு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நாம் ஒவ்வொரு வாயிலும் டி.என்.ஏ. தின்றுதான் வளர்ந்திருக்கிறோம்.

போளி ஆயிற்று. வயலுக்குள் இறங்குவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இந்தக் கரிசல் பட்டையின் சொந்தப் பருத்தி கருங்கண்ணி. வானத்தை நம்பி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைக்கிற நாட்டுப் பருத்தி. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைத் தேர்ந்தெடுத்துச் சீராக்கி வந்திருக்கிறது. கே 11 என்ற ரகத்தின் முன்னெழுத்தே கோவில்பட்டியைச் சொல்லும். ஒரு கொட்டையை எடுத்து அதன் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சில் ஒரே ஓர் இழையை மட்டும் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அந்த இழை முழுவதும் ஒரே ஒரு செல்! விதையின் தோலில் இருந்த ஒரு செல், பூ விரிந்த நாளை ஒட்டி நீளத் தொடங்கி, நீண்டு நீண்டு, கடைசியில் உள்ளிருந்ததெல்லாம் வற்றி, வெறும் செல்லுலோஸ் சுவராக மிஞ்சியது. நாம் உடுத்துகிற வேட்டி சேலையெல்லாம் இப்படிச் செத்துப்போன செல்களின் சுவர்கள்தாம்.

அந்தச் செல் உயிரோடு இருந்தபோது அதற்குள் எவ்வளவு டி.என்.ஏ. இருந்திருக்கும்? கருங்கண்ணியின் இனத்துக்கு 13 ஜோடிக் குரோமோசோம்கள். 2014 இல் வெளியான அதன் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய 170 கோடி எழுத்து ஜோடி. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கினால் 58 சென்டிமீட்டர் வருகிறது. செல்லில் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என இரண்டு தொகுதி இருப்பதால் ஒரு மீட்டருக்கும் மேலே! இவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத உட்கருவுக்குள் சுருண்டு கிடந்தது. கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், நான் போட்டுவிட்டு எழுந்து நடமாட வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 170 கோடி எழுத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது திரும்பத் திரும்ப வருகிற தொடர்கள். செடியை உருவாக்கும் குறிப்பு அங்கங்கே கொஞ்சம், எதிரொலி நிறைய.

இனி ஆய்வுக்கூடத்தின் பின்கட்டு. பருத்தியிடமிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பது லேசான காரியமல்ல என்று அந்த வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் பெருமூச்சோடு சொல்வார்கள். இலையிலும் கொட்டையிலும் கருப்புப் புள்ளிகளாகத் தெரிகிற சுரப்பிகளில் காசிபால் என்ற பொருள் இருக்கிறது. பூச்சிகளை விரட்டப் பருத்தி வைத்திருக்கும் ஆயுதம் அது. இலையை அரைத்ததும் காசிபாலும் அதன் உறவுப் பொருட்களும் காற்றுப் பட்டுக் கறுத்து, டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பழுப்புக் கூழாக்கிவிடும். அதனால் இளந்தளிரைப் பறித்து, மைனஸ் 196 டிகிரியில் புகைகிற திரவ நைட்ரஜனை அதன்மேல் ஊற்றி, கல்வத்தில் பொடிப்பொடியாக நுணுக்குகிறார்கள். கொழுப்புச் சவ்வுகளைக் கரைக்க சீடேப் என்ற சோப்புப் பொருள், நிறைய உப்பு, கறுப்பதைத் தடுக்க மெர்காப்டோ எத்தனால். கடைசியாகச் சொன்னதன் நாற்றம் அழுகிய முட்டையைத் தோற்கடிக்கும்! 65 டிகிரி வெந்நீரில் வைத்து, குளோரோஃபார்ம் கலந்து சுழற்றினால் புரதம் கீழே தங்கும், தெளிந்த நீர் மேலே நிற்கும். அந்தத் தெளிவில் குளிர்ந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்ல ஊற்றி, குழாயை மேலும் கீழுமாகச் சாய்க்கிறார்கள்.

அப்போது வரும்! ஒன்றுமே இல்லாத தண்ணீரிலிருந்து வெள்ளை வெளேரென்று நூலாம்படை போல ஒன்று திரண்டு எழும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கருங்கண்ணியின் எழுத்து, கண்ணுக்கு முன்னால், குச்சியில் சுற்றி எடுக்கிற அளவுக்கு. இதைப் பார்த்து முகம் மலராத ஒருவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதை முதன்முதலில் பார்த்தவருக்கு அது என்னவென்றே தெரியாது. 1869, ஜெர்மனியின் டூபிங்கன் நகரம். அங்கே ஒரு பழைய கோட்டை, அதன் சமையலறையை ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். ஃப்ரெட்ரிக் மீஷர் என்ற இளைஞர் பக்கத்து மருத்துவமனையிலிருந்து சீழ் படிந்த கட்டுத் துணிகளை வாங்கி வந்து அலசிக்கொண்டிருந்தார். சீழில் வெள்ளணுக்கள் நிறைய, அவற்றின் உட்கருவில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதுதான் அவர் ஆசை. பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினை ஊற்றினார். புரதமென்றால் கரைந்திருக்க வேண்டும், இது கரையவில்லை. தனிமங்களைப் பிரித்து அளந்தால் பாஸ்பரஸ் அளவுக்கு மீறி இருந்தது. நியூக்ளீன் என்று அவர் பெயரிட்டார். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர் நம்பாமல், தானே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்துவிட்டு 1871 இல்தான் வெளியிட அனுமதித்தார். டி.என்.ஏ.யின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அதை முதலில் காட்டிக்கொடுத்ததே அந்தப் பாஸ்பரஸ்தான்.

அடுத்த காட்சியிலும் அடுப்படிச் சாமான் வருகிறது. 1952, அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர். ஆல்ஃபிரட் ஹெர்ஷி, மார்த்தா சேஸ் இருவரும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்துக்கொண்டார்கள். அந்த வைரஸ் வெளியே புரத உறை, உள்ளே டி.என்.ஏ., அவ்வளவுதான். புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லவே இல்லை. எவ்வளவு வசதி! ஒரு கூட்டத்துக்குக் கதிரியக்கக் கந்தகம், இன்னொரு கூட்டத்துக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்து வளர்த்து, பாக்டீரியாமேல் ஏவிவிட்டார்கள். வைரஸ் போய் ஒட்டிக்கொண்டதும், சமையலறை மிக்ஸி ஒன்றில் போட்டு ஓட்டி, வெளியே ஒட்டியிருந்த உறைகளை உதறித் தள்ளினார்கள். கந்தகம் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டது. பாஸ்பரஸ் உள்ளே போயிருந்தது. உள்ளே போனதுதானே அடுத்த தலைமுறை வைரஸை உண்டாக்குகிறது! 1944 இலேயே ஆஸ்வால்ட் ஏவரி இதே விடையைச் சொல்லியும் தயங்கியவர்கள் பலர். மிக்ஸி ஓடிய பிறகு தயக்கம் வடிந்தது. ஹெர்ஷிக்கு 1969 இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்த்தா சேஸுக்கு அதில் பங்கு கொடுக்கவில்லை, அது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அந்தப் பாஸ்பரஸ் டி.என்.ஏ.வில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? இதற்குத் தப்பான விடை சொன்னவர்கள் பெரிய பெரிய ஆட்கள். கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் 1951 கடைசியில் கட்டிய முதல் மாதிரியில் மூன்று இழை, பாஸ்பேட் நடுவில். அமெரிக்காவில் லைனஸ் பாலிங் 1953 தொடக்கத்தில் வெளியிட்டதும் அதே மூன்று இழை, அதே நடு. பாஸ்பேட் ஒவ்வொன்றும் எதிர்மின்சுமை உடையது. எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும், நடுவில் நெருக்கி வைத்தால் கட்டடமே சிதறும். தண்ணீரை விரும்பும் பாஸ்பேட் தண்ணீர் இருக்கும் வெளிப்பக்கத்தில்தான் இருக்க முடியும் என்று கேம்பிரிட்ஜ் மாதிரியைப் பார்த்ததுமே சொன்னவர் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இழையை அவர் ஈரப்பதம் கூட்டியும் குறைத்தும் எக்ஸ் கதிரில் படமெடுத்தார். காய்ந்தால் குட்டையாகக் கனத்து ஒரு வடிவம். ஈரமானால் நீண்டு மெலிந்து இன்னொரு வடிவம். மழைக்கு ஏங்கும் கரிசல்காரருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்! 1952 மே மாதம், ஈர வடிவத்தை அவரும் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் எடுத்த 51 ஆம் எண் படத்தில் கரிய புள்ளிகள் குறுக்குக் கோடுகளாக விழுந்திருந்தன. திருகுச்சுருள் என்பதற்கு அதைவிடப் பளிச்சென்ற சாட்சி வேண்டியதில்லை. அந்தப் படத்தை ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் 1953 ஜனவரியில் அதே கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார்.

இப்போது வடிவத்துக்கு வருவோம். கடம்பூர் வழியாகப் போகிற இரட்டைத் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரயில் மதுரைப் பக்கம் போகிறது, மற்றதில் திருநெல்வேலிப் பக்கம். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் அப்படியே எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒவ்வோர் இழையும் சர்க்கரை, பாஸ்பேட், சர்க்கரை, பாஸ்பேட் என்று மாறி மாறிக் கோத்தது. சர்க்கரையின் பெயர் டிஆக்ஸிரைபோஸ், ஐந்து கார்பன் கொண்டது. தன் உறவுக்காரச் சர்க்கரையான ரைபோஸைவிட ஓர் ஆக்சிஜன் அணு குறைவு. அந்த ஓர் அணு இல்லாததால்தான் டி.என்.ஏ. எளிதில் உடையாமல் காலங்காலமாகத் தாக்குப்பிடிக்கிறது. சர்க்கரையிலிருந்து உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பவை நைட்ரஜன் காரங்கள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற இந்த நான்கும்தான் எழுத்துகள். முழுச் சுருளின் அகலம் 2 நானோமீட்டர், பத்துப் பத்தரை ஜோடிக்கு ஒரு சுற்று.

எந்த எழுத்து எதோடு சேரும்? எர்வின் சார்காஃப் என்ற வேதியியலர் பல உயிர்களின் டி.என்.ஏ.வை அளந்து பார்த்து, அடினைன் எவ்வளவோ தைமினும் அவ்வளவு, குவானைன் எவ்வளவோ சைட்டோசினும் அவ்வளவு என்று 1950 வாக்கிலேயே சொல்லியிருந்தார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்சன் அட்டையில் நான்கு காரங்களையும் வெட்டி மேசையில் வைத்து இப்படியும் அப்படியும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சேரவில்லை. அதே அறையில் இருந்த ஜெர்ரி டோனஹ்யூ, பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் வடிவமே தவறு, ஹைட்ரஜன் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். திருத்திய அட்டைகளை 1953 பிப்ரவரி 28 காலையில் நகர்த்தினால், அடினைன் தைமின் ஜோடியும் குவானைன் சைட்டோசின் ஜோடியும் அச்சு அசலாக ஒரே அகலத்தில் வந்து நின்றன! ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஃபிராங்க்ளின் 1958 இல், 37 வயதில் மறைந்துவிட்டார். 1962 நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போனது.

இதற்குப் பிறகும் ஒரு பின்கட்டுக் கதை உண்டு, நம் பக்கத்தது. இழைப் படத்திலிருந்து பெற்ற அந்த ஜோடிகளை அணு அணுவாக யாரும் பார்த்திருக்கவில்லை. போதாக்குறைக்கு, தனித்தனியாக எடுத்த காரங்களைப் படிகமாக்கினால் அடினைனும் தைமினும் வேறு விதமாகக் கைகோத்தன. சந்தேகம் எழாமல் இருக்குமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.ஏ. விஸ்வமித்ரா, கேம்பிரிட்ஜின் ஓல்கா கென்னார்டு குழுவோடு சேர்ந்து, அடினைனும் தைமினும் மாறி மாறி வரும் நான்கே எழுத்துத் துண்டு ஒன்றின் படிகத்தை ஆராய்ந்து 1978 இல் வெளியிட்டார். வாட்சனும் கிரிக்கும் சொன்னபடியே ஜோடி அங்கே இருந்தது. டி.என்.ஏ. துண்டு ஒன்றில் அந்தக் கைகோப்பை அணு அணுவாகக் காட்டிய முதல் படங்களில் ஒன்று அது. இந்தப் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

கரிசலுக்குத் திரும்புவோம். டி.என்.ஏ.வில் இருப்பவை ஐந்தே தனிமங்கள்: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ். இந்த ஐந்தும் கடம்பூர்ப் புஞ்சையில் ஓர் உளுந்துச் செடிக்கு எங்கிருந்து கிடைக்கின்றன? கார்பன் காற்றிலிருந்து. ஹைட்ரஜன் ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழையிலிருந்து. ஆக்சிஜன் காற்றிலும் நீரிலும் இருந்து. உளுந்தைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, அது எழுத்துகளாகிறது. பாஸ்பரஸுக்கு மட்டும் மண்ணை விட்டால் வேறு வழியில்லை. கரிசலிலோ சுண்ணாம்புச் சத்து அதிகம், பாஸ்பரஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. அதனால்தான் அடியுரமாக டி.ஏ.பி. போடுகிறார்கள். மூட்டையில் அச்சடித்திருக்கும் 18, 46 என்ற எண்களில் இரண்டாவது பாஸ்பேட் கணக்கு. அந்தப் பாஸ்பேட்டுக்கு மூலமான பாறையில் பெரும்பகுதி மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உயிர்களின் எச்சத்தோடு படிந்த பாறை அது! எப்போதோ ஒரு மீனின் எலும்பில் இருந்த பாஸ்பரஸ் அணு இன்று கடம்பூர் உளுந்தின் மரபெழுத்தைத் தாங்கி நிற்கலாம், நாளை நம் வீட்டு இட்லி வழியாக நம் செல்லுக்குள் வரலாம்.

அப்படியானால் தீப்பெட்டியில் பற்றிக்கொள்கிற பாஸ்பரஸ் நம் உடம்பில் ஏன் பற்றுவதில்லை? டி.என்.ஏ.வில் ஒவ்வொரு பாஸ்பரஸையும் சுற்றி நான்கு ஆக்சிஜன் இருக்கிறது. வேதியியல் கணக்கில் அது ஏற்கெனவே எரிந்து முடிந்தது. பற்றுவதற்கு இனி அதில் எதுவும் மிச்சமில்லை.

எழுத்தும் தாளும் எல்லா உயிருக்கும் ஒன்றே என்பதால் மண்ணிலுள்ள பாக்டீரியாவின் மரபணு ஒன்றைப் பருத்திக்குள் வைத்தால் பருத்தி அதைத் தடுமாறாமல் படிக்கிறது. இந்தியாவில் 2002 இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி அப்படி வந்ததுதான். அது வந்த பிறகு நாட்டுப் பருத்தியின் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. வறட்சியைத் தாங்கும் எழுத்துகள் கருங்கண்ணியிடம் இருக்கின்றன. விதையை விட்டுவிட்டால் அந்த எழுத்தும் போய்விடும். கரிசல்காட்டில் இன்னும் அதை விதைக்கிறவர்களுக்கு என் வணக்கம்.

கடைசியாக, இதையெல்லாம் படித்ததோடு நிறுத்தாமல் நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். அரைக் கோப்பைப் பட்டாணியை இரவே ஊறவைத்து, ஒரு கோப்பைக் குளிர்ந்த நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மிக்ஸியில் கால் நிமிடம் ஓட்டி, துணியில் வடிகட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி விட்டு, நுரை வராமல் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சோப்பு செல்லின் சவ்வைக் கரைக்கும், உப்பு பாஸ்பேட்டின் எதிர்மின்சுமையை ஆற்றும். ஒரு கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மருந்துக் கடையில் வாங்கிக் குளிரவைத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அதே அளவு, குவளையின் ஓரமாக மெல்லச் சரியவிடுங்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளை இழைகள் கிளம்பும். அதில் கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும், பரவாயில்லை. ஆல்கஹால் சட்டென்று தீப்பற்றும், ஆகவே பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பட்டாணி கிடைக்காவிட்டால் வாழைப்பழம் போதும். வேகவைத்தது, வறுத்தது மட்டும் வேண்டாம்.